நூற்று முப்பத்தேழாம் கட்டத்துத் தீப்பெட்டி

பலகை அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ராணுவ வெடிமருந்துக் கிடங்கின் உள்வாசலில் பத்தொன்பது வருஷம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை, கமாண்டரிலிருந்து குப்பை அள்ளுகிறவர் வரை பலகை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கமாண்டருக்கு அவளைவிட ஏழு வயது கூடுதல். அவருக்கும் அவள் அக்காதான்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாக நூற்றெண்பது ஆணிகள். ஒரு ஷெட்டுக்கு ஒரு வரிசை. காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவள் அதை அதே எண்ணுள்ள ஆணியில் மாட்டுவாள். மாலையில் வெளியே வருகிறவரின் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார், ஆணி வெறுமனே இருந்தால் ஆள் வெளியே வந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற ஏற்பாடு.

பலகைக்கு எதிர்ச் சுவரில் ஓர் அலமாரி. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றுக்கும் அதே எண்கள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் தீப்பெட்டி, லைட்டர் எதுவும் போகக் கூடாது என்பதால், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் எல்லாம் தங்கள் கட்டத்தில் அவற்றை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். திரும்பும்போது பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரவரே எடுத்துக்கொள்வார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை கண்முன்னால் இருக்கும். அலமாரி முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரம்.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. அவள் கணவர் அதே கிடங்கில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் சங்கிலி அறுந்து பெட்டி விழுந்தது, விழுந்த பெட்டி வெடித்தது, அவருடைய இரண்டு காதும் போயின. சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். வாயால் சொன்னதுக்குச் சாட்சி ஏது? "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பிறகு மனம் இரங்கி அவர் மனைவிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவர் காதை எடுத்துக்கொண்டு இவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஒதுக்கிக் கொடுத்த வீடும் அந்த நாற்காலியோடு ஒட்டியது. அவர் அந்த வீட்டில் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொண்டு, பதிலைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு, பழைய ரேடியோக்களைப் பிரித்து மாட்டிக்கொண்டு இருந்தார். கேட்காத காதுக்கு ரேடியோ எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

டோக்கன் சட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. நடந்தது வேறு. ஐந்து மணிக்குச் சங்கு ஊதும், ஐந்து பத்துக்குப் பஸ். நூற்றெண்பது பேரும் ஒற்றை ஜன்னலில் வரிசை கட்டி நின்று டோக்கன் வாங்கினால் ஐந்தரை ஆகிவிடும். பஸ் டிரைவர் என்ன மாமனாரா, காத்துக் கிடக்க? இன்னொரு பக்கம், கமாண்டர் சரியாக ஐந்து மணிக்குத் தலைமையகத்துக்குப் போன் போட்டு ஆட்கள் எல்லாம் வெளியே வந்தாயிற்று என்று சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அவருடைய ஆபீசிலிருந்து அக்காவுக்குப் போன் வரும். "பலகை காலியாச்சா?" இல்லை என்றால் வசவு. முதல் இரண்டு வருஷம் அவள் வசவு வாங்கினாள். அப்புறம் டப்பா வந்தது.

டப்பா யாருடைய யோசனை என்று இன்றைக்குக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். நாலே முக்காலுக்கு அக்கா எழுந்து ஆணிகளிலிருந்து டோக்கன்களைக் கழற்றி ஷெட்டுக்கு ஒரு தகர டப்பாவில் போடுவாள். மேஸ்திரிகள் வந்து தங்கள் தங்கள் டப்பாவை வாங்கிப் போவார்கள். பஸ்ஸில் வைத்து அவரவர் டோக்கனைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஐந்து மணிக்குப் பலகை வழித்துத் துடைத்ததுபோல் இருக்கும். ஆட்கள் அப்போதுதான் ஷெட்டில் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். பதினேழு வருஷம் வண்டி இப்படியே ஓடியது, ஒரு கொசுகூடச் சாகவில்லை. கமாண்டர்கள் நாலு பேர் வந்தார்கள், போனார்கள். நாலு பேரும் பலகை காலியா என்றுதான் கேட்டார்கள்.

தீப்பெட்டிக்கு மட்டும் டப்பா கிடையாது. "டோக்கனை மேஸ்திரி கையில கொடுக்கலாம்க்கா. தீப்பெட்டியைக் கொடுத்தா பஸ் கிளம்புறதுக்குள்ள பாதிக் குச்சி மாயமாயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அதை மட்டும் ஆள் வந்துதான் எடுக்க வேண்டும், ஆள் வந்துதான் எடுத்தார்கள்.

ஆறாம் ஷெட்டில் குண்டுப் பெட்டிகளுக்கு மூடி அடிக்கிற தச்சர் ஒருவர் இருந்தார். நெட்டை என்று கூப்பிடுவார்கள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் நுழைந்த நாள் இல்லை. டோக்கன் எண் நூற்று முப்பத்தேழு. கஞ்சத்தனத்தில் அவரை மிஞ்ச அந்தக் கிடங்கிலேயே ஆள் கிடையாது. தீக்குச்சி ஒவ்வொன்றையும் உளியால் நெட்டுவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்வார். ஐம்பது குச்சிப் பெட்டி அவர் கையில் நூறு குச்சிப் பெட்டியாகிவிடும்.

"ஏன் தம்பி, பீடியையும் பிளந்துடேன்" என்பாள் அக்கா.

"பிளந்து பார்த்தேன்க்கா. புகை ரெண்டு பக்கமும் ஓடிப்போயிடுது."

அவர் மனைவிக்கு ராணுவ மருத்துவமனையின் சலவையறையில் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. அந்தக் குழந்தையும் உயரம்தான். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்று அப்பனிடம் அழுததாம். "கடைசி வரிசையில உக்காந்தா தூங்கலாம்டி" என்று இவர் தேற்றினாராம். இதையெல்லாம் ஜன்னலில் டோக்கன் கொடுக்கிற பத்து விநாடியில் சொல்லிவிட்டுப் போவார்.

அது ஒரு வியாழக்கிழமை. நாலே முக்காலுக்கு அக்கா வழக்கம்போல் ஆணிகளை வழித்தாள். ஆறாம் ஷெட் மேஸ்திரி வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் இடம் பிடிக்கப் போய்விட்டார். அவர் போன பிறகு ஷெட் சூப்பர்வைசர் நெட்டையை நிறுத்தினார். காலையில் லாரி வருகிறது, ஆறு பெட்டி மூடியில்லாமல் கிடக்கிறது, அடித்துவிட்டுப் போ என்றார். எல்லாம் வாய் உத்தரவு. நெட்டையிடம் மட்டும்தான் சொன்னார், வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரும் வெளியே வந்து, ஐந்து மணிக்கு முன்பே வண்டி ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நெட்டை உள்ளே சுத்தியலும் ஆணியுமாக நின்றிருந்தபோது, அவருடைய டோக்கன் மேஸ்திரியின் மடியில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது.

ஐந்து ஆறுக்கு ஆறாம் ஷெட் வெடித்தது.

அக்கா நாற்காலியோடு போய்ப் பலகையில் மோதினாள். ஜன்னல் கண்ணாடி அவள் தலைமுடியில் கொட்டியது. எழுந்தபோது வெளியே ஒரே புழுதி. பஸ்களை உடனே கிளப்பி மூன்று மைல் தள்ளி இருந்த மைதானத்துக்கு ஓட்டச் சொன்னார்கள். தீயணைப்பு வண்டி நாலு நிமிஷத்தில் வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல வாய் வராது. தீயணைப்புத் தலைவர் ஓடிவந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"ஆறுல யாராவது இருக்காங்களா?"

அக்கா பலகையைப் பார்த்தாள். ஆறாம் வரிசையில் ஆணிகள் மட்டும் இருந்தன. எல்லா வரிசையிலுமே ஆணிகள் மட்டும்தான். அந்த வெறுமைக்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்று உலகத்திலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் பதினேழு வருஷமாக ஐந்து மணிக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல், கேட்டவுடன் நாக்கில் வந்து நின்றது.

"காலிங்க."

"நிச்சயமா?"

"பலகை காலிங்க."

ஆள் இல்லாத ஷெட்டுக்குள் தீயணைப்பு ஆட்கள் நுழையக் கூடாது. மிச்சக் குண்டுகள் எந்த நேரமும் வெடிக்கலாம். மண்மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீர் அடிக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் மட்டும் கவசம் போட்டுக்கொண்டு போகலாம். இவள் காலி என்றாள், அவர்கள் மேட்டுக்குப் பின்னால் படுத்தார்கள்.

மைதானத்தில் பஸ் நின்றபிறகுதான் மேஸ்திரி டப்பாவைத் திறந்தார். பதின்மூன்று பேர் பதின்மூன்று டோக்கனை எடுத்தார்கள். அடியில் ஒன்று மிச்சம் கிடந்தது. மேஸ்திரி அலறினார். திரும்பிப் போக விடமாட்டேன் என்றான் காவலாள். போன் போட்டால் எல்லா இணைப்பிலும் அதிகாரிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி தீயணைப்புப் படைக்குப் போய்ச் சேர நாற்பத்தொரு நிமிஷம் ஆனது. அதன் பிறகு அவர்கள் மூன்று நிமிஷத்தில் உள்ளே போய்விட்டார்கள். ஷெட்டின் நடுவே தடுப்புச் சுவர் உண்டு. வெடித்தது அந்தப் பக்கம், நெட்டை இருந்தது இந்தப் பக்கம். கதவுக்குப் பின்னால், காலின் மேல் உத்தரம் விழுந்து கிடந்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. வெடித்த பிறகு அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதினார். அந்தக் காகிதம் விசாரணைக் கோப்புக்குப் போனது. மனைவியிடம் "ஒரு நொடியில முடிஞ்சிடுச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்றார்கள்.

அக்காவை மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். கண்ணாடித் தூளைப் பெருக்கத் துடைப்பத்தோடு போனாள். பலகைப் பக்கம் பெருக்கிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். கட்டங்கள் எல்லாம் வெறுமனே இருந்தன. நூற்று முப்பத்தேழில் மட்டும் ஒரு தீப்பெட்டி. திறந்து பார்த்தாள். பிளந்த குச்சிகள்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கண்ணாடித் தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நெட்டை வெளியே வரவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே கையோடு இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. தீயணைப்புத் தலைவர் ஜன்னலில் நின்று கேட்ட அந்த நிமிஷம், மொத்த அலமாரியிலும் இந்த ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். தலையைத் திருப்பியிருந்தால் போதும். பெட்டியை மடியில் முடிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நாலு நாள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள், நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிற மாதிரி.

அதற்கு மறுநாள் சூப்பர்வைசர் கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் தட்டச்சடித்த காகிதம்.

"அக்கா, ஒரு கையெழுத்து. எல்லாம் உங்களைக் காப்பாத்தத்தான்."

கிளார்க் வாசித்தார். நூற்று முப்பத்தேழாம் எண்காரர் நாலு ஐம்பதுக்கு வெளியே வந்து தன் டோக்கனை நேரில் பெற்றுக்கொண்டார். தன் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார். பின்னர் கூட்டத்தைப் பயன்படுத்தி அனுமதியின்றி மறுபடி உள்ளே சென்றிருக்கிறார். ஷெட்டுக்குள் பீடி பற்றவைத்ததே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

"அவன் வெளியவே வரலீங்களே."

"நீங்க பார்த்தீங்களா? நூத்தெண்பது பேர் போற நேரத்துல ஒவ்வொரு முகமா பார்த்தீங்களா?"

"டோக்கன் டப்பாவுலதானே..."

"டப்பான்னு ஒண்ணு இந்தக் கிடங்குல கிடையாதுக்கா." குரலை இறக்கினார். "இருந்துச்சுன்னு வைங்க, முதல் கேள்வி யாரைக் கேப்பாங்க? ஆணியிலேர்ந்து கழட்டினது யாரு? காலின்னு சொன்னது யாரு? மேஸ்திரி கையெழுத்து போட்டுட்டாரு. நீங்களும் போட்டா எல்லாருக்கும் நல்லது. செத்தவன் வந்து சண்டை போடப் போறானா?"

நாளைக்கு விசாரணையில் நேரிலேயே போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். விசாரணை ஒரு நாள் தள்ளிப்போனதில் அது இரண்டு நாள் அவகாசமாக நீண்டது. அந்த இரண்டு நாளில் ஊர் வாய் சும்மா இருக்குமா? பீடி பிடிக்கப் போய்த்தான் வெடித்ததாம் என்று குழாயடியில் பேச்சு. நெட்டையின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் திரும்பிவிட்டாள். பக்கத்தில் உட்கார்கிற பெண் "உங்கப்பாதான் எங்க மாமாவோட கையைச் சுட்டுட்டாரு" என்று சொன்னாளாம். அந்த மாமா தீயணைப்பு வண்டியில் வந்தவர், அவருக்குக் கை வெந்தது உண்மைதான்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா தீப்பெட்டியை எடுத்துக் கணவரின் ரேடியோ மேஜை மேல் வைத்தாள். அவர் திறந்து ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நெட்டையின் கஞ்சத்தனம் காது கேட்காதவருக்கும் தெரியும்.

"எங்க இருந்துச்சு?" என்று கத்தினார்.

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பலகை. டப்பா. காலி என்று சொன்னது. முதுகுக்குப் பின்னால் இது இருந்தது. "இதைக் காட்டினா அவன் மேல இருக்கிற பழி போயிடும். ஆனா என் மேல வரும். வேலை போயிடும். வீடு போயிடும். ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். சமாதானமும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை.

"என்னைக் கவனக்குறைவுன்னு எழுதினாங்கல்ல," என்றார், அவருக்கு மெதுவான குரல் என்று தோன்றிய குரலில். "இருபது வருஷமா ஊர்ல என்னென்ன பேசினாங்களோ. எனக்கு ஒண்ணும் கேக்கலை. அதனால காலம் ஓடிடுச்சு. உனக்குக் காது கேக்கும். அதை யோசிச்சுக்க."

அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விசாரணை கமாண்டரின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் வெளியிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள். கமாண்டர் ஓரமாக உட்கார்ந்து தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நெட்டையின் மனைவி; சலவையறை உடுப்போடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். மேஸ்திரி முதலில் எழுந்து, டோக்கனை வாசலில் நெட்டை நேரில் வாங்கியதைப் பார்த்தேன் என்று சொன்னார். சொல்லும்போது அவர் பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. சூப்பர்வைசர் தான் யாரையும் நிறுத்தவே இல்லை என்றார். அவர் எல்லாப் பக்கமும் நன்றாகவே பார்த்தார்.

அக்காவின் முறை வந்தது. நடுவில் இருந்த அதிகாரி காகிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "சரிதானே? கீழே கையெழுத்து போடுங்க."

அவள் மடியை அவிழ்த்துத் தீப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள். வைத்தபோது பெட்டிக்குள் குச்சிகள் சத்தம் போட்டன.

"அந்தக் காகிதம் பொய் சார். அவன் வெளிய வரலை. வந்திருந்தா இதை எடுத்திருப்பான்."

"இது யாருடையது?"

"நூத்து முப்பத்தேழோடது. அவன் கட்டத்துலயே இருந்துச்சு."

"அப்புறமா யாராவது கொண்டுவந்து வச்சிருக்கலாமே?"

"திறந்து பாருங்க சார்."

அதிகாரி திறந்தார். பிளந்த குச்சி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். பின்வரிசையில் நெட்டையின் மனைவியிடமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வீட்டில் எத்தனை தரம் திட்டியிருப்பாளோ, அந்தக் குச்சிகளைப் பார்த்ததும் தன்னை அறியாமல் வந்துவிட்டது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் அதன் பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

"வெடிச்ச நேரத்துல இது எங்க இருந்துச்சு?"

"என் முதுகுக்குப் பின்னாடி. கைக்கு எட்டுற தூரம்."

"தீயணைப்புத் தலைவர் கேட்டப்பவும்?"

"அப்பவும் அங்கதான்."

"திரும்பிப் பார்த்திருந்தா?"

"தெரிஞ்சிருக்கும் சார். மத்த எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

"ஏன் பார்க்கலை?"

அக்கா கமாண்டரைப் பார்த்தாள். அவர் இன்னும் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் அஞ்சு மணிக்குப் பலகை காலியான்னு போன் வரும் சார். ஆளுங்க வெளிய வந்துட்டாங்களான்னு ஒரு நாளும் வந்ததில்லை. காலியாக்கிக் காட்டணும், காட்டினேன். நாலே முக்காலுக்கே கழட்டி டப்பாவுல போட்டது நான்தான். பதினேழு வருஷமா நான்தான் போட்டேன். அந்தப் பலகையைப் பார்த்து அன்னிக்கு நானே ஏமாந்துட்டேன். ஆள் இருக்கானான்னு கேட்டாங்க, நான் ஆணியைப் பார்த்துப் பதில் சொன்னேன். என் தப்பு. ஆனா அவன் தப்பு ஒண்ணும் இல்லை சார். மூடி அடிக்கச் சொன்னாங்க, அடிச்சிட்டு இருந்தான்."

மேஸ்திரி எழுந்து, "டப்பா உண்டு சார், நான் சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சூப்பர்வைசர் எழவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தீயணைப்புத் தலைவர் அவளுக்காகக் காத்திருந்தார். வாட்டசாட்டமான மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். உள்ள அவங்க கேக்கலை, நானும் சொல்லலை. மேட்டுக்குப் பின்னாடி படுத்திருந்தப்ப ஒரு சத்தம் வந்துச்சு. டக், டக்குன்னு. கூரைத் தகரம் சூட்டுல விரியுதுன்னு நினைச்சேன். காலின்னு சொல்லியிருந்தீங்களா, அதனால... உள்ள போனப்ப அவர் கையில சுத்தியல் இருந்துச்சு. கதவு உள்பக்கத்துலேர்ந்து அடிபட்டு நசுங்கியிருந்துச்சு. அரை மணி நேரமாவது உயிரோட இருந்திருப்பாருன்னு டாக்டர் எழுதியிருக்காங்க."

அக்கா கேட்டாள், "எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை" என்றார் அவர். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கை ஒன்றரை மாதத்தில் வந்தது. பழைய குண்டு ஒன்றின் திரி தானாகக் கெட்டுப்போய் வெடித்தது. நூற்று முப்பத்தேழாம் எண்காரர் உத்தரவின்பேரில் பணியில் இருந்தபோது இறந்தார். டோக்கன் பொறுப்பாளரின் கடுமையான கடமைத் தவறால் மீட்புப் பணி தாமதமானது. அவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார், முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சூப்பர்வைசருக்கு இடமாற்றம். ஐந்து மணிப் போனைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே அக்கா அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, பாவத்திலும் அவளுக்குப் பங்கு இருந்தது. அதை அவளே சொல்லிக்கொண்டாள். மற்றவர்களின் பங்கை யார் சொல்வது?

வீட்டைக் காலி செய்கிற நாளில் நெட்டையின் மனைவி வந்தாள். கணவர் ரேடியோக்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலி எல்லாம் வண்டியில் ஏறிவிட்டதால் இரண்டு பெண்களும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள்.

"பாப்பா பள்ளிக்கூடம் போறாளா?" என்றாள் அக்கா.

"போறா. இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்லை." முந்தானையை விரலில் சுற்றினாள். "நான் உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலைக்கா. அது என்னால முடியலை. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். எல்லாரும் ஒரு நொடியில போயிட்டாருன்னு சொல்றாங்க. டாக்டரம்மாவும் அதையேதான் சொல்றாங்க. உங்களுக்கே கேடு வரும்னு தெரிஞ்சும் உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதனால உங்களைக் கேக்கறேன். உடனேவா போனாரு?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? காலி என்று சொன்ன நேரம்தான் ஆகும். கேட்டவர் மனம் குளிரும், சொன்னவளுக்கும் வண்டி ஏறிப் போய்விடலாம். அக்காவின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"இல்லைம்மா," என்றாள். "அரை மணி நேரம் இருந்தாரு. சுத்தியலால கதவைத் தட்டியிருக்காரு. வெளிய இருந்தவங்களுக்குக் கேட்டிருக்கு. உள்ள யாரும் இல்லைன்னு நான் சொல்லியிருந்ததால தகரம்னு நினைச்சுட்டாங்க."

நெட்டையின் மனைவி அழவில்லை. தன் உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனாள். தெரு முனை திரும்பும் வரை அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டா?" என்று கணவர் பின்னாலிருந்து கத்தினார்.

அக்கா திரும்பி வந்தாள். அவர் எதிரில், வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள். அவருக்குப் புரிய வேண்டுமே என்று வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னாள்.